அக்காவின் லேப்டாப்பும் மறந்துபோன பாஸ்வேர்டும்

மே மாதம் ராமேஸ்வரம் தீவில் கொஞ்சம் கையைக் கடிக்கும் மாதம். ஏப்ரல் 15-ஆம் தேதி தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை நீளும். விசைப்படகுகள் கட்டிய இடத்திலேயே நிற்கும். வீட்டில் இருப்பு கரைந்துகொண்டே வரும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பிளஸ் டூ ரிசல்ட் வரும், கல்லூரி விண்ணப்பம் வரும், ‘அந்தச் சான்றிதழை அப்லோடு செய், இந்தச் சான்றிதழைக் கொண்டு வா’ என்ற ஓட்டமும் வரும்.

தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்ளலாம். பெயரெல்லாம் வேண்டாம், தீவின் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய வீடுதான். அக்கா பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப் பீரோ மேல் இருக்கிறது. கல்யாணமாகித் தூத்துக்குடி போகும்வரை குடும்பத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில்தான் போட்டு வைத்தாள். சாதிச் சான்றிதழ், தம்பியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், அப்பாவின் படகுக் காகிதங்கள், இறந்துபோன அப்பத்தாவின் கடைசிப் படங்கள். இரண்டு வருடம் கழித்து இன்று தம்பி தூசி தட்டி அதைத் திறந்திருக்கிறான். பாஸ்வேர்ட் கேட்கிறது.

“அக்கா, லேப்டாப் பாஸ்வேர்ட் என்னக்கா?”

“ரெண்டு வருஷமாச்சேடா தம்பி. என் பேரும் பிறந்த வருஷமும் போட்டுப் பாரு.”

“போட்டுட்டேன்.”

“அப்போ உன் பேரா இருக்கும்.”

“அதையும் போட்டாச்சுக்கா.”

அடுத்து வழக்கமாக நடப்பது என்ன? பாலம் தாண்டி ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறுவது. கம்ப்யூட்டர் கடையில் கவுன்டருக்கு அந்தப் பக்கமிருந்து வரும் முதல் பதில் பெரும்பாலும், “ஃபார்மேட் பண்ணிடலாம் தம்பி.” எல்லாக் கடைக்காரரும் அப்படியில்லை, பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் ‘ஃபார்மேட்’ என்ற அந்தச் சின்னச் சொல்லுக்குப் பொருள், ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக எல்லாம் ஏற்றுவது. லேப்டாப் புதுப்பெண் மாதிரி திரும்பி வரும். மதிப்பெண் பட்டியலும் அப்பத்தாவும் வரமாட்டார்கள்.

அந்த லேப்டாப்பில் அக்கா பயன்படுத்தியது எந்தப் பக்கம் என்பதை முதலில் கேட்க வேண்டும். ஏனென்றால் தமிழக அரசின் இலவச லேப்டாப்புகளில் இரண்டு பக்கம் உண்டு. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த கருவிகளில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. ‘பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம்தான் அந்த ‘பாஸ்’. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், சென்னையில் உருவாக்கியது. லேப்டாப்பை ஆன் செய்ததும் ‘எதில் போக வேண்டும்?’ என்று ஒரு பட்டியல் காட்டும். முக்கால்வாசிப் பிள்ளைகள் விண்டோஸைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்த அக்கா, விண்டோஸ் பக்கம் வைரஸ் புகுந்து மந்தமானதால், முக்கியமானதையெல்லாம் பாஸ் பக்கம் வைத்துவிட்டாள். அதுதான் நல்லதாகப் போயிற்று.

லினக்ஸ் என்பது யூனிக்ஸ் என்ற பெரிய குடும்பத்தின் வழியில் வந்த பிள்ளை. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கியது யூனிக்ஸ். அதன் நடை, உடை, பாவனையைப் பார்த்துப் பின்னாளில் எல்லாருக்கும் திறந்த மூலமாக எழுதப்பட்டது லினக்ஸ். இன்று ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ்தான்.

இந்தத் திறந்த மூல மென்பொருளுக்கு ராமேஸ்வரத்தோடு ஓர் உறவும் இருக்கிறது. 2003 மே மாதம் புனேயில் பேசிய அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், மென்பொருள் பாதுகாப்பு பற்றித் தானும் பில் கேட்ஸும் பேசியதையும், அதில் இருவர் கருத்தும் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லி, இந்தியா திறந்த மூல மென்பொருள் பக்கம் போக வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். மசூதித் தெரு வீட்டைப் பார்க்க வரிசையில் நிற்பவர்களுக்கு இந்தச் செய்தி அவ்வளவாகத் தெரியாது.

சரி, தம்பிக்கு வருவோம். பாஸ்வேர்டை மறந்துவிட்டோம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், உண்மையிலேயே மறந்துவிட்டோமா என்று பார்ப்பது நல்லது. பாஸ்வேர்ட் கட்டத்தில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். விரல் அடித்தது ஒன்று, கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது இன்னொன்றாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்பது எல்லாரும் பார்ப்பதுதான். தமிழ் வீடுகளில் மட்டும் வரும் ஒரு கோளாறு உண்டு. கீபோர்டை எப்போதோ தமிழுக்கு மாற்றியிருப்பார்கள், அது அப்படியே நின்றிருக்கும். ஆங்கிலத்தில் அடிப்பதாக நினைத்து அடித்த எழுத்தெல்லாம் உள்ளே ‘ஞ’வும் ‘ள’வுமாகப் போய்ச் சேரும். புள்ளிக்கு மொழி ஏது? லாகின் திரையின் மூலையில் கீபோர்டு மொழியைக் காட்டும் சின்ன அடையாளம் இருக்கும். அதைப் பார்த்தால் பாதிப் பேரின் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும்.

கடற்கரை வீடுகளில் உப்புக் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை எத்தனை தலைமுறை சுரண்டி, பெயின்ட் அடித்துக் காப்பாற்றினார்கள்! கடைசியில் பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்க வேண்டியதாயிற்று. பாலத்துக்கே அந்தக் கதி என்றால், இரண்டு வருடம் பீரோ மேல் கிடந்த லேப்டாப்பின் கீபோர்டு எம்மாத்திரம்? ஒரே ஒரு எழுத்து விழாமல் போனாலும் பாஸ்வேர்ட் தவறுதான். ‘யூசர்நேம்’ கட்டத்தில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும். அங்கே பாஸ்வேர்டை அடித்துப் பார்த்துவிட்டு அழித்துவிட வேண்டியதுதான். விழாத எழுத்து அகப்பட்டுவிடும். பக்கத்து வீட்டில் யுஎஸ்பி கீபோர்டு இருந்தால் வாங்கிச் சொருகிப் பார்க்கலாம்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. பாஸ்வேர்ட் சரிதான் என்று ஏற்றுக்கொண்டு, ஒரு கணம் திரை கறுத்து, மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்கும் இடத்துக்கே கொண்டுவந்து விடும். இது மறதி இல்லை. டிஸ்க்கில் மருந்துக்கும் இடமில்லாமல் நிரம்பி வழிந்தால் லினக்ஸ் இப்படிச் செய்யும். சினிமாவும் வாட்ஸ்அப் வீடியோவும் போட்டு நிரப்பிய லேப்டாப்புகளில் இதைப் பார்க்கலாம். ‘தவறு’ என்று சொல்கிறதா, ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்புகிறதா என்று கவனித்தால் வித்தியாசம் புரியும். சில லினக்ஸ் வகைகளில் மூன்று தடவை தவறாக அடித்தால் 10 நிமிடம் சரியான பாஸ்வேர்டையும் ஏற்காது. அப்போது ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடிப்பது உத்தமம்.

தம்பி இதையெல்லாம் பார்த்தாயிற்று. தமிழ்க் கீபோர்டு இல்லை, உப்பும் இல்லை. அக்காவுக்கு நிஜமாகவே மறந்துதான் போய்விட்டது.

‘கம்ப்யூட்டருக்குத் தெரியும்தானே, அதனிடமிருந்து எடுக்க முடியாதா?’ என்று அம்மா கேட்டால், அது நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் முடிந்தது. பாஸ்வேர்ட் வைத்துக்கொண்ட முதல் கம்ப்யூட்டர்களில் ஒன்று, 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் உருவானது. பல பேர் ஒரே இயந்திரத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்தினார்கள். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குத் தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. 1962-இல் என்ன செய்தார் தெரியுமா? எல்லாருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அச்சடித்துக் கொடுக்கும்படி கம்ப்யூட்டரிடமே விண்ணப்பம் போட்டார். அதுவும் சமர்த்தாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது. பாஸ்வேர்ட் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்ததால் வந்த வினை.

யூனிக்ஸ் செய்தவர்கள் இதில் உஷாராக இருந்தார்கள். பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல் அரைத்து வைத்தார்கள். அரிசியை மாவாக்கலாம், மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. நாம் அடிக்கும் பாஸ்வேர்டையும் அதே மாதிரி அரைத்து, இரண்டு மாவும் ஒன்றுதானா என்று மட்டும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். பாஸ்வேர்ட் என்னவென்று கம்ப்யூட்டருக்கே தெரியாது. ஆகவே ‘பழைய பாஸ்வேர்டையே எடுத்துத் தருகிறேன், காசு கொடு’ என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். செய்ய முடிந்த ஒரே வழி, ஆயிரம் லட்சம் சொற்களை அரைத்து அரைத்து எது பொருந்துகிறது என்று பார்ப்பதுதான்.

சுலபமான சொல்லாக இருந்தால் அது பலிக்கும். 1979-இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ஸனும் எழுதிய ஒரு கட்டுரையில், மக்கள் வைத்திருந்த 3,289 பாஸ்வேர்டுகளைச் சோதித்ததில் 2,831 சுலபமாகக் கிடைக்கக்கூடியவை என்று கணக்குக் காட்டினார்கள். நூற்றுக்கு 86. ஓரெழுத்து வைத்தவர்கள்கூட இருந்தார்கள்.

கென் தாம்ஸன் தனக்கு என்ன வைத்திருந்தார்? அதுதான் வேடிக்கை. 1980 வாக்கில் வெளியான ஒரு யூனிக்ஸ் பிரதிக்குள், யூனிக்ஸ் பிரம்மாக்கள் பலருடைய அரைத்த பாஸ்வேர்டுகள் தவறிப்போய்த் தங்கிவிட்டன. பல வருடம் கழித்து 2014-இல் அது கண்ணில் பட்டது. ஆளாளுக்கு அதை உடைக்க இறங்கினார்கள். மற்றவர்களுடையது ஒவ்வொன்றாக விழுந்தது. ஸ்டீஃபன் பூர்ன் என்ற பெரிய மனிதர் தன் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருந்தார் என்று தெரிந்தது. அக்காவை இனி யாரும் குறை சொல்ல வேண்டாம். தாம்ஸனுடையது மட்டும் மசியவில்லை. 2019 அக்டோபரில் நைஜல் வில்லியம்ஸ் என்பவர், வீடியோ விளையாட்டுக்குப் பயன்படும் சக்திவாய்ந்த கிராஃபிக்ஸ் கார்டை நான்கு நாட்களுக்கு மேல் ஓடவிட்டு அதைக் கண்டுபிடித்தார். எட்டே எழுத்து. பார்த்தால் கிறுக்கல் மாதிரி இருந்தது. ஆனால் அது சதுரங்கக் காய் நகர்வு. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்து என்பதைப் பழைய முறையில் எழுதி, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி! தாம்ஸன் சதுரங்கப் பித்தர். உலக கம்ப்யூட்டர் சதுரங்கப் போட்டியில் வென்ற ‘பெல்’ என்ற இயந்திரத்தையே இன்னொருவரோடு சேர்ந்து கட்டியவர். ரகசியம் உடைந்தது தெரிந்ததும் அவர் சொன்னது ஒரே சொல்தான்: வாழ்த்துகள்.

ஆக, பூட்டை யூகித்துத் திறக்க 39 வருடம் ஆனது. தங்கச்சிமடத்துத் தம்பிக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது, விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. ஆனால் அவன் யூகிக்க வேண்டியதே இல்லை. பழைய பாஸ்வேர்ட் என்னவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், அந்த இடத்தில் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டால் போதும். அதற்குக் கம்ப்யூட்டர் கையில் இருந்தால் ஐந்து நிமிடம்.

யூனிக்ஸ் குடும்பத்தில் ‘ரூட்’ என்று ஒரு ஆள் உண்டு. வேர் என்று பொருள். வீட்டுக்குப் பெரியவர் மாதிரி. யாருடைய பாஸ்வேர்டையும் மாற்ற அவருக்கு அதிகாரம் உண்டு, பழையதைக் கேட்கவே மாட்டார். லேப்டாப் எழுந்திருக்கும் அந்தச் சில நொடிகளில், லாகின் திரை வருவதற்கு முன்பே, இந்தப் பெரியவரைப் பிடித்துவிடலாம்.

தம்பி அக்காவிடம் போனில் சம்மதம் கேட்டுக்கொண்டான். இது சடங்குக்காக இல்லை. அனுமதி இல்லாமல், கெட்ட எண்ணத்தோடு அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகள்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். தம்பி உள்ளே போகப்போவது அக்காவின் கணக்குக்குள். அவள் ‘செய்டா’ என்று சொல்லியாக வேண்டும்.

ஆன் செய்ததும் விண்டோஸா, பாஸா என்று கேட்கும் பட்டியல் வந்தது. (பட்டியல் வராத லேப்டாப்புகளில், ஆன் செய்த உடனே எஸ்கேப் விசையைத் தட்ட வேண்டும், பழைய மாடல்களில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும்.) கீழ் அம்பால் பாஸ் லினக்ஸ் வரியில் நின்று, என்டர் அடிக்காமல், ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டினான். எடிட் என்பதன் முதல் எழுத்து. பத்து இருபது வரி மிரட்டலாக வந்து நின்றது. பயப்பட ஒன்றுமில்லை, இங்கே செய்யும் மாற்றம் இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். குழப்பமானால் ஆஃப் செய்து ஆன் செய்தால் பழையபடி ஆகிவிடும்.

அந்த வரிகளில் ‘லினக்ஸ்’ என்ற சொல்லில் தொடங்கும் வரி ஒன்று இருக்கும். அதன் பின்பகுதியில் ஆர், ஓ என்ற இரண்டு எழுத்து தனியாக நிற்கும். ‘படிக்க மட்டும்’ என்று அர்த்தம். ஓ-வை அழித்துவிட்டு டபிள்யூ போட்டால் ‘படிக்கவும் எழுதவும்’ என்று ஆகிவிடும். பிறகு அதே வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு, ஐ என் ஐ டி என்று அடித்து, சமக்குறி போட்டு, சாய்கோடு, பி ஐ என், மறுபடி சாய்கோடு, பி ஏ எஸ் ஹெச். நடுவில் இடைவெளி கூடாது, எல்லாம் சின்ன எழுத்து. ‘எழுந்ததும் வழக்கமான வேலையைப் பார்க்காமல் நேராகக் கட்டளைத் திரைக்கு வா’ என்பதுதான் இதன் சாரம். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எக்ஸ் தட்டினான்.

படமெல்லாம் வரவில்லை. கறுப்புத் திரை, ஒரு வரி, கடைசியில் ஒரு சிலுவைக் கட்டம் மாதிரி ஹேஷ் அடையாளம். பெரியவர் வந்துவிட்டார் என்பதற்கு அந்த ஹேஷ்தான் அறிகுறி.

அக்கா எந்தப் பெயரில் கணக்கு வைத்திருந்தாள் என்பதும் மறந்திருக்கலாம். எல், எஸ் என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ‘ஹோம்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் வீட்டில் இருப்பவர்கள் பெயரெல்லாம் வரிசையாக வரும். அதில் அக்கா பெயர் இருந்தது. அடுத்து ‘பாஸ்வேர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஓ, ஆர் என்ற இரண்டெழுத்தை விட்டுவிட்டு அடித்து (யூனிக்ஸ்காரர்களுக்கு எழுத்தில் அப்படி ஒரு கஞ்சத்தனம்), இடைவெளி விட்டு அக்காவின் கணக்குப் பெயர், என்டர். புதுப் பாஸ்வேர்ட் கேட்கும். அடிக்கும்போது புள்ளிகூடத் தெரியாது, திரை கல்லாக இருக்கும். கீபோர்டு கெட்டுப்போச்சு என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். தெரியாமலேயே அடித்து என்டர், மறுபடி அதையே அடித்து என்டர். மாறிவிட்டது என்று ஒரு வரி சொல்லும். ‘டோக்கன்’ என்று ஏதோ சொல்லி மறுத்தால், முதலில் சொன்ன அந்த ஓ-வை டபிள்யூ ஆக்க மறந்திருக்கிறோம் என்று பொருள். கடைசியாக எஸ் ஒய் என் சி அடித்து என்டர். எழுதியதை டிஸ்க்கில் பத்திரப்படுத்தும் கட்டளை அது. பிறகு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி ஆன் செய்ய வேண்டும்.

எல்லா லினக்ஸுக்கும் சாரம் இதுதான், சில்லறை வித்தியாசங்கள் உண்டு. உபுண்டுவில் ‘ரெக்கவரி’ என்றே ஒரு வழி பட்டியலில் இருக்கும். அலுவலகங்களில் இருக்கும் ரெட் ஹேட் வகையில் இன்னும் இரண்டு மூன்று படி கூடுதல், அதை அங்கே உள்ள அட்மினிடம் விட்டுவிடுவது மரியாதை. கட்டளைத் திரையே ஒத்துவராதவர்களுக்குப் பென்டிரைவ் வழி இருக்கிறது. தெரிந்தவரிடம் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் வாங்கி, அதிலிருந்து லேப்டாப்பை எழுப்பினால், டிஸ்க்கில் இருக்கும் கோப்புகளைத் திறந்து வேறு இடத்துக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். என்கிரிப்ஷன் போடாத விண்டோஸ் பக்கத்துக் கோப்புகளையும் இப்படி மீட்கலாம். ஃபார்மேட்தான் செய்தாக வேண்டும் என்று கடைக்காரர் நின்றால், ‘முதலில் இதைச் செய்துகொடுங்கள், அப்புறம் ஃபார்மேட் செய்யுங்கள்’ என்று கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

புதுப் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போனதும் ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கும். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், வைஃபை சாவிகள் போன்றவற்றை ‘கீரிங்’ என்ற சாவிக்கொத்து தனியாகப் பூட்டி வைத்திருக்கும், பழைய பாஸ்வேர்டால். அந்தப் பூட்டு திறக்காது. அதைக் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். கோப்புகளுக்கும் படங்களுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. இத்தனை வருடம் அப்டேட் ஆகாத லேப்டாப் என்பதால், அதில் நெட் பேங்கிங் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு ஒரு நெருடல் வந்திருக்க வேண்டும். தம்பியால் ஐந்து நிமிடத்தில் முடிந்தால், திருடனாலும் முடியும்தானே? முடியும். மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்ட் என்பது வாசற்கதவுத் தாழ்ப்பாள். தெருவில் போகிறவரைத் தடுக்கும், வீட்டுக்குள் வந்துவிட்டவரைத் தடுக்காது. தொலைவிலிருந்து இணையம் வழியாக வருகிறவனுக்கு மேலே சொன்ன வழி எதுவும் நடக்காது, அவன் தாம்ஸன் பூட்டோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும். ஆனால் சென்னை போகும் ரயிலில் லேப்டாப் பையை மறந்து இறங்கிவிட்டால், எடுத்தவர் கையில் எல்லாம் போய்விடும். ஆதார் நகல் உட்பட.

அதற்கு மருந்து, டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்வது. லினக்ஸை நிறுவும்போதே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்போது ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது அத்தனையும் மாவுதான், சாவிச்சொல் இருந்தால் மட்டும் அரிசியாகும் அதிசய மாவு. அதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சாவிச்சொல்லை மறந்தால் ஈ எழுத்து, ரூட் பெரியவர், பென்டிரைவ் எதுவும் உதவாது. போனது போனதுதான். ஆக, விடுதிக்கும் ரயிலுக்கும் தூக்கிக்கொண்டு அலையும் லேப்டாப்புக்கு என்கிரிப்ஷன் அவசியம். வீட்டைவிட்டு நகராத, நாலு பேர் பயன்படுத்தும், முக்கியமானதையெல்லாம் வேறெங்கும் நகலெடுக்காத குடும்ப லேப்டாப்புக்கு அது ஆபத்து. இரண்டு வருடத்துக்கொரு முறை திறக்கும் பெட்டிக்கு அவ்வளவு பெரிய பூட்டு வேண்டியதில்லை.

பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதக்கூடாது என்று கம்ப்யூட்டர் வகுப்புகளில் சொல்லிக்கொடுத்து ஒரு தலைமுறையையே பயமுறுத்திவிட்டார்கள். பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே இதற்கு நேர்மாறாகச் சொன்னார். நல்ல பாஸ்வேர்டாக வை, எழுதி பர்ஸில் வை, சின்னக் காகிதங்களைப் பத்திரப்படுத்துவது மனிதர்களுக்குக் கைவந்த கலை என்றார். திரையின் ஓரத்தில் ஒட்டுவதுதான் தப்பு. ரேஷன் கார்டும் நகைச்சீட்டும் இருக்கும் பையில் இதுவும் இருந்தால் யாருக்கு என்ன கஷ்டம்?

தம்பி கட்டுரை நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து எழுதினான். அம்மா அதை வாங்கி நாலாக மடித்து, ரேஷன் கார்டு உறைக்குள் சொருகினாள். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. சான்றிதழ்கள் எல்லாம் ‘வீடு’ என்று பெயரிட்ட ஒரே ஃபோல்டரில் இருந்தன. தம்பி அவற்றைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“கெடச்சிருச்சா தம்பி?”

“எல்லாம் இருக்குக்கா. என் மார்க் ஷீட், அப்பா படகுப் பேப்பர்...”

“அதெல்லாம் இருக்கட்டும்டா. அப்பத்தா போட்டோவ முதல்ல அனுப்பு.”